நூற்றெட்டுத் தையல்



போன மாதம் நம் இதழின் அலுவலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாதனூரில் ஹைவேயை ஒட்டிய மாடி அறை, இரண்டு மேசை, ஒரு ஃபேன், கீழே டீக்கடை. தபால்காரர் படியேறச் சோம்பல்பட்டு எதையும் டீக்கடையிலேயே வைத்துவிட்டுப் போவார். நான் இறங்கிப் போவதற்குள் நாலு பேராவது அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்திருப்பார்கள். இதையும் குலுக்கியாயிற்று. “சார், உள்ள கொய்யாப்பழம் மாதிரி இன்னாவோ உருளுது” என்ற ரிப்போர்ட்டோடுதான் டீ மாஸ்டர் கொடுத்தார்.

அனுப்பியவர் சிகாகோவில் இருக்கும் நம் வாசகர். இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். ஷூ கம்பெனிக்குப் போய்ப் போய் அம்மா படிக்கவைத்தார். இன்று அங்கே கம்ப்யூட்டர் வேலை. போன ஜூன் இதழில் இதே பக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸைப் பற்றி நான் புலம்பித் தீர்த்திருந்தேன் அல்லவா, அதற்கு ஆறுதலாக ஒரு கடிதமும் ஒரு பேஸ்பால் பந்தும். கடிதத்தின் முதல் வரி இது: “ஐயா, பதினாலில் பத்து தோற்றதுக்கா இத்தனை கண்ணீர்? எங்க ஊர் டீம் 121 தோத்துச்சு.”

கை தவறி ஒரு ‘1’ கூடுதலாக விழுந்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அமெரிக்க பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு ஓர் அணி 162 ஆட்டம் ஆட வேண்டும். சிகாகோ ஒயிட் சாக்ஸ் 2024இல் ஜெயித்தது 41, தோற்றது 121. நடுவில் ஒரு கட்டத்தில் விடாமல் 21 தோல்வி. அதற்கு முன் நவீன காலத்தில் மோசமான கணக்கு 1962இல் புதிதாகப் பிறந்த நியூயார்க் மெட்ஸ் வைத்திருந்த 120. பிறந்த குழந்தை தவழாமல் என்ன செய்யும்? ஒயிட் சாக்ஸ் நூறு வயது தாண்டிய கிழவர்.

இதில் நம் டீக்கடை ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்த இடம் ஒன்று. 120 தோல்வி ஆனதும் அணி சொந்த மைதானத்துக்கு வந்தது. 121ஆவது தோல்வியை நேரில் பார்த்தோம் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ள வேண்டாமா? அதற்கென்றே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். மூன்று ஆட்டம். மூன்றிலும் ஜெயித்துத் தொலைத்தார்கள்! அந்தத் தோல்வி அப்புறம் டெட்ராய்ட்டில் போய் நடந்தது. “தோற்பான் என்றுகூட நம்பிப் போக முடியவில்லை ஐயா” என்று எழுதியிருக்கிறார் நம் வாசகர். 2025 மே மாதம் சிகாகோவில் பிறந்த ஒருவர் பதினான்காம் லியோ என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனபோது, அவர் எந்த அணி ரசிகர் என்பதுதான் அந்த ஊரில் பெரிய கேள்வியாக இருந்ததாம். ஒயிட் சாக்ஸ்தான் என்று அவருடைய அண்ணன் சொல்லிவிட்டார். “பொறுமைக்கு இதைவிட என்ன சர்டிபிகேட் வேணும்?” என்கிறது கடிதம்.

இனி பந்துக்கு வருகிறேன். நம் கடையில் நாற்பது வருடம் தோல் ஷாப்பில் வேலை பார்த்த பாய் ஒருவர் உண்டு. எல்லாரும் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். அவர் மட்டும் வாங்கி முதலில் மூக்குக்குக் கொண்டுபோனார். பிறகு கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கீறி, வெளிச்சத்தில் திருப்பி, உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். “மாட்டுத் தோலு. குரோம் இல்ல, பட்டை இல்ல. படிகாரம் போட்டது. அதான் பால் மாதிரி கீது.” நான் மாடிக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. பெரிய லீக்கின் பந்துக்கு 1974 வரை குதிரைத் தோல், அதற்குப் பிறகு மாட்டுத் தோல். டென்னசி மாநிலத்தில் டல்லஹோமா என்ற ஊர் டேனரியில் படிகாரம் போட்டுப் பதப்படுத்தி, கோஸ்டா ரிகாவுக்கு அனுப்பிக் கையால் தைக்கிறார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்த காலத்திலிருந்து குரோம் டிரம் சுற்றும் காலம் வரை பார்த்த ஊர் நம்முடையது. அங்கே ஒரு பந்தை மோந்து பார்த்தே ஜாதகம் சொல்ல ஓர் ஆள் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

அப்புறம் பாய் தையலை எண்ண ஆரம்பித்தார். எட்டுப் போட்ட வடிவில் வெட்டிய இரண்டு துண்டுத் தோல், சிவப்பு நூல். டீ ஆறும் வரை எண்ணிவிட்டு நிமிர்ந்தார்: “நூத்தியெட்டு.”

கோயில் காரியங்களில் முன்னால் நிற்கும் நம் ஆசிரியர் நண்பர் (பள்ளி ஆசிரியர், நானில்லை) உடனே பந்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடிதத்தில் இன்னொரு கணக்கும் இருந்தது. அதே சிகாகோவில் இன்னோர் அணி உண்டு, கப்ஸ். 1908இல் கோப்பை வென்றது. அடுத்த கோப்பை 2016இல். நடுவில் 108 வருடம். தாத்தா காத்திருந்து போய், அப்பா காத்திருந்து போய், பேரன் பார்த்தான். “நூத்தியெட்டு தையல், நூத்தியெட்டு வருஷம்” என்று ஆசிரியர் பரவசப்பட்டுக்கொண்டிருக்கும்போதே டீ மாஸ்டர் பாய்லரைப் பார்த்தபடி சொன்னார்: “நம்ம டீமுக்கும் நூத்தியெட்டுதான் சார். போன் போட்டா ஸ்ட்ரெச்சரோட வருவான்.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன்.

நம் சென்னை ஐந்து கோப்பை வாங்கிய அணி. 2010, 2011, 2018, 2021, 2023. ஜெயித்த வருடங்களில் கடையில் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் ஞாபகமில்லை. “சூப்பர் மேட்ச்சு இல்ல?” “ஆமா, சூப்பரு.” அவ்வளவுதான். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும்போது ஜடேஜா ஒரு சிக்ஸும் ஒரு ஃபோரும் அடித்தாரே, அன்று கத்தினோம், கட்டிக்கொண்டோம், பேசவில்லை. 2025இல்தான் எங்கள் கடை ஆட்களுக்குள் இத்தனை நகைச்சுவை எழுத்தாளர்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது.

மார்ச் 28: 2008க்குப் பிறகு முதல்முறையாகப் பெங்களூரு அணி சேப்பாக்கத்தில் சென்னையை ஜெயித்தது, 50 ரன் வித்தியாசத்தில். தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். “கல்யாண வீட்ல கடைசிப் பந்திக்கு வந்து பாயசம் நல்லாருக்குன்றான்” என்றார் கடைக்கு வரும் பிரியாணி மாஸ்டர். ஏப்ரல் 5: பதினைந்து வருடத்துக்குப் பிறகு டெல்லி வந்து சென்னையை ஜெயித்துவிட்டுப் போனது. ஏப்ரல் 25: ஹைதராபாத்துக்குச் சேப்பாக்கத்தில் சென்னையை எதிர்த்து முதல் வெற்றி. “ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி ஆயிடுச்சி. யார் வந்தாலும் ஒரு குடம் மொண்டுகினு போறான்.”

ஏப்ரல் 11ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று பங்குனி உத்திரம். கேப்டன் கெய்க்வாட்டுக்கு முழங்கையில் அடி. தோனி திரும்பவும் கேப்டன். நம் ஆசிரியர் நண்பருக்குக் காவடி வேண்டுதல். வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிடாமல்கூட, பத்தேகாலுக்குக் கடைக்கு ஓடி வந்தார், கடைசி ஐந்து ஓவராவது பார்க்கலாம் என்று. டிவியில் ஏதோ குக்கர் விளம்பரம் ஓடுகிறது. “கரண்டு போயி வந்ததா? இன்னும் மேட்ச்சு ஆரம்பிக்கலியா?” என்று அப்பாவியாகக் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. இருபது ஓவரில் ஒன்பது விக்கெட்டுக்கு 103. கொல்கத்தா 59 பந்து மீதம் வைத்து முடித்துவிட்டுப் போயிருந்தது. “வேண்டுதல் பலிச்சிது வாத்தியாரே,” என்றார் பாய், “சீக்கிரம் வீட்டுக்குப் போயி தூங்கு.”

ஆண்கள்தான் பேசினார்கள் என்று நினைக்க வேண்டாம். ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருக்கும் அக்கா ஒருவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, பால் பாக்கெட் வாங்க ஒரு நிமிடம் நிற்பார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் விட்டுப்போவது எங்கள் ஒரு வாரப் பேச்சுக்குக் காணும். கொல்கத்தா மேட்ச்சுக்கு மறுநாள் சாயங்காலம் வந்தார். “எங்க லைன்ல மணிக்கு இத்தன ஜோடின்னு எழுதிப் போட்டுருப்பான். ரெண்டு ஜோடி கொறஞ்சா சூப்பர்வைசர் வந்து பின்னால நிப்பான். இவங்க பின்னால ஒருத்தன் நின்னா சரியாப் பூடும்.” பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்புறம் சில நாள் மேட்ச்சில் டாட் பால் விழும்போதெல்லாம் கடையே ஒரே குரலில் “சூப்பர்வைசர்!” என்று கத்தியது.

டாட் பால் என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 பிளே-ஆஃபில் ஒவ்வொரு டாட் பாலுக்கும் 500 மரக்கன்று நடுவதாகக் கிரிக்கெட் வாரியம் அறிவித்தது அல்லவா? அந்தக் கணக்கை 2025இல் சென்னை அணிக்கு மட்டும் போட்டிருந்தால் வாணியம்பாடியிலிருந்து வாலாஜா வரை பாலாற்றங்கரை முழுக்க நிழல்தான் என்பது பாயின் கருத்து. மேட்ச் ஆரம்பிக்கும் நேரமே ஏழரை, அப்புறம் எப்படி விளங்கும் என்பது ஆசிரியரின் கருத்து. இதற்கு மறுப்புச் சொல்ல எங்களில் யாருக்கும் ஜோசியம் தெரியாது.

ஏப்ரல் 30 அன்று பஞ்சாப் அணியின் சஹல் ஒரே ஓவரில் நாலு விக்கெட், அதில் ஒரு ஹாட்ரிக் எடுத்து, நம் கால்குலேட்டர்களுக்கும் ஓய்வு கொடுத்தார். மே நடுவில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. “ஊர்ல பத்தாவது போன புள்ளைங்க எல்லாம் பாஸாகிப் பதினொண்ணு போவுது. நம்ம ஆளுங்க பத்தாவதுலயே உக்காந்துட்டாங்க” என்று பெருமூச்சு விட்டார் ஆசிரியர். கடைசி ஆட்டத்தில், அகமதாபாத்தில் 230 அடித்து குஜராத்தை 83 ரன்னில் தோற்கடித்தார்கள். பத்தாவது இடம் மாறவில்லை. எட்டு பாயிண்டு, ராஜஸ்தானுக்கும் அதே எட்டுதான். “எல்லாப் பாடத்துலயும் கோட்டை விட்டுட்டு, டிராயிங்ல நூறு வாங்கிட்டு வந்து அப்பா கிட்ட காட்றான்.” இதுவும் அவரே.

நம் ஊர் இருக்கும் இடத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறக்குறையப் பாதி வழி. அதனால் கடையில் எப்போதும் ஒரு சிவப்புச் சட்டையும் உண்டு. எங்கள் சிவப்புச் சட்டை ஒரு லாரிக்காரர். வாரத்தில் மூன்று நாள் பெங்களூர் லோடு. பதினேழு வருடம் அவரை வைத்துதான் நாங்கள் பொழுது போக்கினோம். ஒவ்வொரு மார்ச்சிலும் “ஈ சாலா கப் நம்தே” என்பார். ஒவ்வொரு மே மாதமும் “அடுத்த சாலா பாத்துக்கலாம், டீயக் குடி” என்று நாங்கள் தேற்றுவோம்.

2024 மே 18க்கு அவரும் பாயும் இன்னும் சண்டை போடுகிறார்கள். சின்னசாமி மைதானம். சென்னை ஜெயிக்கக்கூட வேண்டாம், 201 எடுத்தால் போதும், பிளே-ஆஃப் உறுதி. கடைசி ஓவரில் 17 வேண்டும். தோனி முதல் பந்தை 110 மீட்டருக்குத் தூக்கி அடித்தார். பந்து மைதானத்தை விட்டே போய்விட்டது. மழை பெய்த ராத்திரி, அதுவரை ஈரப்பந்து. வேறு காய்ந்த பந்து கொடுத்தார்கள். அடுத்த பந்தில் தோனி அவுட். அப்புறம் நாலு பந்தில் ஒரே ரன். அந்த சிக்ஸை அடிக்காமல் இருந்திருந்தால் சென்னை பிளே-ஆஃபுக்குப் போயிருக்கும் என்பது பாயின் வாதம். எல்லா ஊரிலும் இப்படிச் சொன்னார்கள்தான், ஆனால் எங்கள் ஊரில் மட்டும் அது தொழில்நுட்ப விவாதமாகிவிட்டது. “அரே, படிகாரத் தோலுக்குத் தண்ணி பட்டா இன்னா ஆவும் தெரியுமா? ஊறினா விரல்ல நிக்காது. வழுக்கினு போவும். பவுலர் கதை முடிஞ்சிது. இவரு அந்தப் பந்தத் தொலைச்சாரு!” வெள்ளைப் பந்துக்கு மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒரு பூச்சு இருக்கிறதே என்று நான் சொல்லிப் பார்த்தேன். தோலைப் பற்றி என்னிடமா பேசுகிறாய் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். நான் டீயைப் பார்த்துக்கொண்டேன்.

2025 ஜூன் 3 அன்று பெங்களூரு அணி கோப்பையை வாங்கியேவிட்டது. பஞ்சாபை ஆறு ரன்னில் வீழ்த்தியது. மறுநாள் காலை லாரிக்காரர் ஆம்பூரிலிருந்து மக்கன் பேடா டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து கடைக்கு வந்தவர் போனவர்க்கெல்லாம் கொடுத்தார். பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும். “சக்கரை கொஞ்சம் கம்மி. பதினேழு வருஷம் ஆறிப்போச்சி போல” என்று வாங்கித் தின்றுகொண்டே பாய் குத்தினார். அன்று சாயங்காலம் சின்னசாமி மைதான வாசலில் நெரிசலில் பதினொரு பேர் செத்துப்போனார்கள். கோப்பையைப் பார்க்கப் போன பிள்ளைகள். லாரிக்காரர் அதற்கு அடுத்த நாள் வந்து பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. மாஸ்டர் டிவியை நிறுத்திவிட்டு அவருக்கு ஒரு டீயைக் கொண்டுபோய் வைத்தார். பாய் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த வாரம் முழுக்க யாரும் கிரிக்கெட் பேசவில்லை. திரும்ப ஆரம்பித்து வைத்தவரும் லாரிக்காரர்தான். ஒரு நாள் லாரியை நிறுத்தி இறங்கும்போதே, “இன்னா பாய், பத்தாவது எடத்துல காத்து நல்லா வருதா?” என்றார். அப்பாடா என்றிருந்தது.

ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது இதே பெஞ்சில் வேறு பேச்சு. ஆர்டர் நிற்குமா, ஓவர்டைம் போகுமா என்று. டல் சீசன் என்ற சொல்லை நம் ஊரில் குழந்தைக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்போதும் நடுவே யாராவது, “விடு, தோனி இன்னும் ரிட்டயர் ஆவல” என்பார்கள். சம்பந்தமே இல்லை. சிரித்துவிடுவோம்.

கடிதத்தின் பின்பக்கத்தில் ஜப்பான் கதை ஒன்றையும் எழுதியிருந்தார் நம் வாசகர். ஒசாகா பக்கத்து பேஸ்பால் அணி ஹன்ஷின் டைகர்ஸ். 1985இல் ஜெயித்தபோது ரசிகர்கள் ஒவ்வொரு வீரர் பேராகக் கூவ, அவர் சாயலில் இருந்த ரசிகர் ஒருவர் டோடொன்போரி கால்வாயில் குதித்தார். தாடி வைத்த அமெரிக்க வீரர் ராண்டி பாஸ் முறை வந்தது. கூட்டத்தில் அந்தச் சாயலில் யாருமில்லை. பக்கத்து கேஎஃப்சி கடை வாசலில் தாடித் தாத்தா பொம்மை நின்றிருந்தது. அதைத் தூக்கிக் கால்வாயில் போட்டார்கள். அந்த வருடத்துக்கு அப்புறம் அணிக்கு ஜப்பான் சாம்பியன் கோப்பையே இல்லை. தாத்தாவின் சாபம் என்று ஊரே பேசியது. 2009இல் பொம்மையைச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். மூக்குக் கண்ணாடியைக் காணோம், இடது கையைக் காணோம். சாபம் தீரவில்லை. 2023இல்தான் தீர்ந்தது.

பிரியாணி மாஸ்டருக்கு இதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. கோழிக் கடைக்காரர் சாபத்துக்கு 38 வருடம் என்றால், பிரியாணிக் கடைக்காரர் சாபத்துக்கு எவ்வளவு? 2023இல் சென்னை கப் வாங்கிய ராத்திரி ஓசியில் பிரியாணி கேட்டுக் கத்தியவர்களை அவர் கரண்டியோடு விரட்டியது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. “அப்ப பரிகாரமா உன் தேக்சாவத் தூக்கிப் பாலாத்துல போட்டுடலாமா?” என்று கேட்டார் லாரிக்காரர். “போடு. தண்ணி எங்க கீது? மணல்ல குந்திகினு இருக்கும். சாயங்காலம் போய் எடுத்தாந்து அடுப்புல வெச்சிக்கிறேன்.” உடனே பாய், பாலாற்றில் வெள்ளம் வந்த 2021இல்தானே கப்பும் வந்தது, ஆகவே தண்ணீர் வந்தால் கப் வரும் என்றார். கப் வந்தது அக்டோபர், வெள்ளம் வந்தது நவம்பர் என்று ஆசிரியர் திருத்தினார். “அப்ப கப்பு வந்தா தண்ணி வரும். ரெண்டும் நல்லதுதானே?”

இப்போது புது சீசன் வாசலில் நிற்கிறது. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியாயிற்று. “பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தது சரி, கூட ஒரு இங்கிலீஷ்காரனையும் சீர் வரிசையில அனுப்பணுமா?” என்று இன்னும் பொருமுகிறார் டீ மாஸ்டர். ஏலத்தில் இந்திய அணிக்கு ஆடாத இரண்டு இளம் பையன்களுக்குத் தலைக்கு 14.20 கோடி. ஆசிரியர் தன் சம்பளத்தில் அது எத்தனை வருடம் என்று நோட்டில் வகுத்துப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிட்டார். பத்திலிருந்து ஒன்பதுக்கு வந்தாலே முன்னேற்றம் என்பது பாயின் எதிர்பார்ப்பு. எனக்கு எட்டு.

பந்து என்ன ஆயிற்று என்று சிகாகோ வாசகர் கேட்பார். தெருப் பையன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கிப்போய் ஆற்று மணலில் கிரிக்கெட் ஆடினார்கள். திரும்பி வந்தபோது ஒரு தையல் விட்டிருந்தது. பால் வாங்க வந்த அக்கா பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பால் பாக்கெட்டோடு பந்தையும் பையில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் கொண்டுவந்து வைத்தார். சிவப்பு நூல் கிடைக்கவில்லையாம், ஷூவுக்குப் போடும் கறுப்பு நூல். பாய் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். சிவப்பு 107, கறுப்பு ஒன்று.

டிவிக்குக் கீழே பிஸ்கட் பாட்டில் வரிசையில் வைத்திருக்கிறோம். வந்தால் பார்க்கலாம். முதல் மேட்ச் அன்று பெஞ்சில் இடம் வேண்டுமென்றால் ஏழு மணிக்கே வந்துவிடுங்கள். மசால் வடை எட்டு மணிக்கு மேல் இருக்காது.

அன்புடன்,
ஆசிரியர்